புதுப்பிப்பு: டிம்மரைக் குறைத்தால் எல்இடி பல்புகள் துடித்த சிக்கல் தீர்ந்தது

டிம்மரை (பல்பின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) குறைக்கும்போதெல்லாம் வரவேற்பறையின் எல்இடி பல்புகள் துடிப்பதாக முன்பு இதே இழையில் எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. பல்புகளில் குறையில்லை. 60 வாட் குண்டு பல்புகளுக்காகச் செய்யப்பட்ட பழைய டிம்மர் சீராக இயங்கக் குறைந்தபட்ச மின்சுமை தேவை என்பதால், தலா 8 வாட் மட்டுமே எடுக்கும் நான்கு எல்இடி பல்புகள் அதற்குப் போதவில்லை. எலக்ட்ரீஷியனைக் கொண்டு, எல்இடிக்கு ஏற்ற டிரெய்லிங் எட்ஜ் வகை டிம்மரைப் பொருத்தி, அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி, பல்பு துடிக்காமல் எரியும் மிகக் குறைந்த ஒளியையே அடியெல்லையாக அமைத்த பிறகு துடிப்பு அறவே நின்றது. மெல்லிய ரீங்காரமும் இல்லை. எல்இடி பல்பு வாங்கும் முன் அதன் பெட்டியில் 'டிம்மபிள்' (ஒளியைக் குறைக்கக்கூடியது) என்று அச்சிட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இன்னொன்று: இளமஞ்சள் ஒளி தரும் சாதாரண 2700 கெல்வின் எல்இடி, ஒளி குறையும்போது குண்டு பல்பைப் போலச் செம்மஞ்சளாக மாறாது, அந்த மாற்றத்தை விரும்புபவர்கள் 'வார்ம் டிம்' வகையைத்தான் தேட வேண்டும்.