பழைய பிக்கப்பின் கேபின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது: மேலே தகடு வைப்பதா, வெட்டி மாற்றுவதா?

முத்தையாபுரம் பிக்கப்:
அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றும் 2006ஆம் ஆண்டு டீசல் பிக்கப் ஒன்றை என் தந்தை ஓட்டிவந்தார். மூன்று ஆண்டுகளாக நான் ஓட்டுகிறேன். சென்ற வாரம் ரப்பர் மேட்டைத் தூக்கியபோது, அதன் அடியில் இருந்த சணல் விரிப்பு பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு ஊறிக் கிடந்தது. அதையும் விலக்கினால், கிளட்ச் பெடலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தரையே இல்லை. நின்ற இடத்திலிருந்து சாலையின் ஜல்லி தெரிகிறது. பக்கத்து இருக்கைப் பக்கம் நிறம் மங்கியிருக்கிறதே தவிர ஓட்டை எதுவும் இல்லை.

ஒரு பட்டறையில், மேலே தகடு வைத்து ரிவெட் அடித்துத் தார் பூசினால் அரை நாளில் முடியும் என்கிறார்கள். இன்னொருவர் துருவை முழுவதும் வெட்டியெடுத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்கிறார். எட்டு ஆண்டைக் கடந்த வணிக வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எந்த வழி சரி, எத்தனை கேஜ் கனத்தில் தகடு வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

டிங்கர் பட்டறை:
தம்பி, தயவுசெய்து மேலே தகடு வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். துருப்பிடித்த இரும்புக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவில் ஈரமும் உப்பும் சிக்கிக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், தகட்டை உப்பவைத்து ரிவெட்டையே தளர்த்திவிடும். தார் மேலிருந்து பார்க்க நன்றாக இருக்கும், அடியில் அரிப்பு நிற்காது. ஃபைபர் துணி ஒட்டினாலும் இதே கதிதான்.

முதலில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், செத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். உள்ளங்கை அகல ஓட்டை, வரைந்து முடிக்கும்போது பெரும்பாலும் முறத்தளவு ஆகிவிடும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

பழைய டீசல் மெக்கானிக்:
பட்டறைக்காரர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் தகடு வாங்குவதற்கு முன், அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். அதை விட்டுவிட்டுத் தரையை மாற்றினால் இதே வேலையை மீண்டும் செய்ய நேரும். ஒருவர் கேபினுக்குள் டார்ச்சுடன் படுத்துக்கொள்ள, இன்னொருவர் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போகும்படி குழாய்நீர் விடட்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், வைப்பருக்குக் கீழே சருகு அடைக்கும் நீர்வழி, கதவு ரப்பர் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஓட்டை சரியாகக் கிளட்ச் பெடலுக்குக் கீழே இருப்பதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால், ஆயில் பெடல் வழியாக இறங்கித் தரையில் சொட்டும். அந்த ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். பெயின்ட் போன இடத்தில்தான் உப்பு முதலில் கடிக்கும்.

முத்தையாபுரம் பிக்கப்:
ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. பெடல் தண்டில் விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு நேர் கீழே பெயின்ட் தோல்போல உரிந்து வருகிறது. கண்ணாடி பீடிங்கின் வலது மூலையிலும் நீர் இறங்கியது. உப்பளத்திலிருந்து நனைந்த காலோடுதான் அப்பாவும் நானும் ஏறியிருக்கிறோம். ஓட்டுநர் பக்கம் மட்டும் இப்படி ஆனதற்கு அதுவும் காரணம் என்று இப்போது புரிகிறது. தட்டிப் பார்த்ததில் இருக்கையின் முன் போல்ட் வரை ஒலி மந்தமாக இருக்கிறது.

டிங்கர் பட்டறை:
போல்ட் வரை வந்துவிட்டால் வெட்டித்தான் ஆக வேண்டும், தம்பி. இருக்கையும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் இடங்களில் அடியில் தடித்த வலுத்தகடு ஒன்றையும் சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். மோதலின்போது ஆளைத் தாங்குவது அந்த இடம்தான். வண்டிக்கு அடியில் படுத்து, கேபினைச் சேசிஸின் மேல் தாங்கும் ரப்பர் புஷ் அமரும் இடங்களையும் பாருங்கள். அவையும் அரித்திருந்தால், கேபினுக்கு முட்டுக் கொடுக்காமல் எதையும் வெட்டக் கூடாது.

தரைக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. சி.ஆர். தகடு (பூச்சில்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு துருவைத் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். அதைப் பற்றவைத்தால் துத்தநாகம் புகையாகக் கிளம்பும், அதை உள்ளிழுத்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். வேறு வழியில்லை என்றால் விளிம்பில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும்.

இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங்தான் (வாயுவின் பாதுகாப்பில் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது) ஏற்றது. ஒரே இழுப்பில் கோடு போட்டால் தகடு நெளிந்துவிடும் என்பதால், ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்து, அடுத்ததை எதிர்ப்பக்கத்தில் வைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். தரைக்கு அடியில் ஓடும் பிரேக் பைப், டீசல் பைப், ஒயர் கட்டு எல்லாவற்றையும் விலக்குங்கள். ஒருவர் தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டு மறுபக்கம் நிற்கட்டும். வேலை முடிந்தபின்பும் ஒரு மணி நேரம் வண்டியைத் தனியே விட்டுப் போகாதீர்கள். சணலில் விழுந்த பொறி கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும்.

பழைய டீசல் மெக்கானிக்:
பூச்சு பற்றி ஒன்று. வெட்டும் முன்பே நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி உப்பைப் போக்கிக் காயவிடுங்கள். உப்பின் மேல் எந்த பிரைமரும் நிற்காது. பற்றவைத்த பின் எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், அதன் மேல் பெயின்ட், அடிப்பக்கம் அண்டர்கோட்டிங் என்ற வரிசையில் போகட்டும். தரையில் இருக்கும் வடிகால் துளைகளைச் சீலரால் மூடிவிட வேண்டாம்.

முத்தையாபுரம் பிக்கப்:
வேலை முடிந்துவிட்டது. வெட்டியெடுத்த துண்டு ஒன்றேகால் அடி நீளம் இருந்தது. புஷ் அமரும் இடங்கள் நன்றாக இருந்ததால் முட்டுக் கொடுக்கத் தேவைப்படவில்லை. மாஸ்டர் சிலிண்டரையும் பீடிங்கையும் மாற்றிவிட்டேன். நேற்று இரவு நல்ல மழை. காலையில் மேட்டைத் தூக்கித் தரையைக் கையால் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. சணல் விரிப்பை மீண்டும் போடவில்லை. தினமும் மாலையில் மேட்டைக் கழற்றி வெளியே சாய்த்து வைக்கிறேன். ஏறும் முன் கால் கழுவ ஒரு கேன் நல்ல தண்ணீரும் பின்னால் வைத்திருக்கிறேன். அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.