பாறைச் சரிவா, லாரியா? ஜியோபோன் பதிவில் பிரிப்பது எப்படி

மலைவழி கேட்டது:
மலைரோட்டின் மேல்பக்கச் சரிவைக் கவனிக்க, சுமார் 2 கிமீ இடைவெளியில் மூன்று 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன்கள் (நில அதிர்வைப் பதியும் கருவிகள்). நொடிக்கு 100 சாம்பிள். எஸ்டிஏ (அதிர்வின் குறுகிய நேரச் சராசரி) 1 நொடி, எல்டிஏ (நீண்ட நேரச் சராசரி) 30 நொடி. முதலாவது இரண்டாவதைப் போல் 4 மடங்கானால் (விகிதம் 4) ட்ரிக்கர், அதாவது எச்சரிக்கை. லாரி போனால் ட்ரிக்கர் ஆகிறது. நிஜமாகவே பாறை சரிந்தபோது ஆகவில்லை. எங்கே தப்பு?

அதிர்வலை:
அது நிலநடுக்கத்துக்கான செட்டிங். பாறைச் சரிவு சட்டென்று தொடங்காது. மெல்ல ஏறி, பல பத்து நொடி நீடித்து, மெல்ல அடங்கும். வரைபடத்தில் இரு முனையும் கூம்பிய நூற்கதிர் போல் தெரியும். நிலநடுக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பி, எஸ் அலைகளை இதில் பிரித்தெடுக்க முடியாது. சிக்னல் ஏற ஏற உங்கள் 30 நொடி எல்டிஏயும் கூடவே ஏறிவிடுவதால் விகிதம் 4-ஐத் தொடவே தொடாது. எஸ்டிஏ 4, எல்டிஏ 150 நொடி, விகிதம் 2.5 என்று தொடங்குங்கள். எல்டிஏ ஜன்னலைச் சற்றுப் பின்தள்ளி வைத்தால் சிக்னல் அதற்குள் கலக்காது.

இப்படித் தளர்த்தினால் பொய் ட்ரிக்கர் கூடும். அதற்கு, மூன்று நிலையங்களும் 5 நொடிக்குள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆப்ஸ்பை என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இதற்கு கோஇன்சிடன்ஸ் ட்ரிக்கர் இருக்கிறது. லாரி ஒவ்வொரு நிலையமாகக் கடக்கும், ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் வலுவாக இருந்தது என்று காட்டும் படம்) எஞ்சின் கோடுகள் தெரியும். சரிவில் கோடு இருக்காது.

கல்தச்சன்:
முதலில் ஜியோபோன் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். உதிரும் மேல்பாறையைச் செதுக்கி எடுத்து, கெட்டிப் பாறையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். குமிழ்மட்டம் பார்த்துவிட்டு மூடுங்கள். 5 மீட்டர் தள்ளி சுத்தியலால் ஒரு தட்டு. பதிவு உடனே அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால் பிடிப்பு சரியில்லை. ஆற்றங்கரையில் வைக்கவே கூடாது. வெள்ளத்தின் இரைச்சல் எல்டிஏயைத் தூக்கிவிடும், அடைமழை நாளில்தான் கருவி செவிடாகும். ஜிபிஎஸ் கடிகாரம் அவசியம். டவர் போய் இணைய நேரம் நகர்ந்தால் அந்த 5 நொடி விதிக்கே அர்த்தமில்லை.

மலைவழி:
விரிசல் விரிவதையும் இதிலேயே முன்கூட்டிப் பிடிக்கலாமா?

அதிர்வலை:
இதை நம்பி இருக்காதீர்கள். நாளுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வு ஜியோபோனுக்குத் தெரியாது. அதற்கு விரிசல்மானி அல்லது ரேடார் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்தை 2023 மே மாதம் காலிசெய்தது நகர்வு அளவீடுகளை வைத்துத்தான். ஜூன் 15 இரவு இறங்கிய பாறைத்திரள் ஊருக்குச் சற்று முன்னால் நின்றது. பாறை உடைந்த பிறகுதான் ஜியோபோன் சொல்லும். உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7 காலை 10:21-க்கு சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்ததை நிலநடுக்க நிலையங்கள் பதிவுசெய்திருந்தன. அப்போதே அதைப் படித்துக் கீழே சைரன் ஒலிக்க ஏற்பாடு இல்லை. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். உங்கள் ரோடு சரிவுக்கு நேர் கீழே என்றால் கிடைப்பது சில நொடிதான். ட்ரிக்கரை எஸ்எம்எஸ்ஸோடு நிறுத்தாமல், ரோட்டின் இரு முனையிலும் சிவப்பு விளக்கோடு இணையுங்கள்.