எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்: உயிரியல் படிக்காதவர்கள் சேரலாமா?

திருச்சி மாணவி:
பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டாச்சு. ஆனால் மருத்துவ ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்தில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவ ஆய்வுகளுக்கான புள்ளியியல், சேர்ந்தால் திணறுவேனா? பேசாமல் எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸே படித்துவிடவா?

கணக்கு அக்கா:
நானும் கணக்கு குரூப்தான் தங்கச்சி. உயிரியல், கேஸ் ஷீட் (நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்பு) பார்க்கப் பார்க்க வந்துவிடும். எனக்குக் கஷ்டமாக இருந்தது டாக்டர்களிடம் கேள்வி கேட்பதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு டாக்டர், முடிந்துபோன தன் ஆய்வின் எக்செல் ஃபைலோடு வந்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் தொற்று, புது முறையில் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையுமா என்பது கேள்வி. "பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுங்க" என்றார். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. 80 சதவீத பவர் வேண்டுமென்றால், அதாவது அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், பழைய முறை, புது முறை என ஒவ்வொரு பக்கமும் சுமார் 120 பேர் தேவை. அவரிடம் இருந்தது இருபது, இருபது. எல்லாம் முடிந்த பிறகு நான் என்ன செய்ய? அந்த 40 பேரும் நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் எங்கே சேர்ந்தாலும் ஒன்றை விசாரி: ஆய்வு தொடங்கும் முன்பே மாணவர்களை டாக்டர்களோடு உட்கார வைக்கிறார்களா?

அப்புறம், சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வைத் தேடிப் படி. 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். குலுக்காமல் விட்டிருந்தால், நோய் குறைவாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லி யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மதுரை வாசகர்:
மருந்து கம்பெனி வேலைக்கு சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருள் கேட்பார்கள். ஆர் (R) என்ற இன்னொரு மென்பொருள் இலவசம், இப்போதே தொடங்குங்கள். அதன் 'சர்வைவல்' தொகுப்பில் 228 நுரையீரல் புற்றுநோயாளிகளின் தரவு இருக்கிறது. அதில் 63 பேர் கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்கள். அவர்களை நீக்கி ஒரு முறையும் சேர்த்து ஒரு முறையும் இடைநிலை வாழ்நாளை (பாதிப் பேர் இறந்திருக்கும் காலம்) கணக்கிட்டுப் பாருங்கள்.

திருச்சி மாணவி:
ராத்திரியே போட்டுப் பார்த்தேன். நீக்கினால் 226 நாள். உயிரோடு இருந்தவர்களைக் கடைசியாகப் பார்த்த நாள் வரை கணக்கில் எடுக்கும் கப்லான்-மேயர் முறையில் சேர்த்தால் 310 நாள்! 84 நாள் வித்தியாசம். அப்பாவிடமும் காட்டினேன். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கே விண்ணப்பிக்கிறேன் அக்கா.