சிறை மறியலுக்குள் மனநோய்க் குளிசை போக வேண்டுமா, வேண்டாமா?

ஆரையம்பதி அக்கா:
என் தம்பிக்கு மனச்சிதைவு. அதற்கான குளோசப்பீன் குளிசை குடித்து, கடையொன்றில் வேலை செய்யும் அளவுக்குத் தேறியிருந்தான். ஒரு வெள்ளி பின்னேரம் அயலவரோடு சண்டை, கைது. சனிக்கிழமை நீதவான் விளக்கமறியலில் வைத்தார். எந்த மறியல் என்று எழுத விரும்பவில்லை. நான் கொண்டுபோன குளிசைப் பையை வாசலிலேயே திருப்பித் தந்துவிட்டார்கள். வைத்தியர் அவனைப் பார்த்தது திங்கட்கிழமைதான். இந்த மருந்து 48 மணிநேரத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவைக் கொடுக்க முடியாது, 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அதற்குள் அவன் சுவரோடு கதைக்கத் தொடங்கிவிட்டான். நோயும் மருந்தளவும் எழுதிய கிளினிக் கொப்பியைப் பொலிஸிலேயே வாங்கி வழக்கேட்டோடு சேர்த்தால் என்ன?

ஓய்வுபெற்ற காவலர்:
தங்கச்சி, உங்கள் வேதனை விளங்குகிறது. ஆனால் வாசலில் நின்றவன் நான். மனநோய் மருந்துகளின் பக்கவிளைவுக்குக் கொடுக்கும் பென்ஸ்ஹெக்சோல் உள்ளே போதைக்கு விலைபோகும். நோயாளியை மிரட்டியே பறிப்பார்கள். 'மகனின் குளிசை' என்று வந்த பையில் ஐஸ் போதைப்பொருள் பிடித்திருக்கிறேன். 2020 நவம்பரில் மஹர சிறையில் 11 பேர் இறந்த கலவரத்துக்கும் மனநோய்க் குளிசைகளைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

களுவாஞ்சிக்குடி:
அப்படிச் சொன்னது உண்மை, அண்ணன். பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரியவந்ததும் உண்மை. பழியைக் குளிசை மேல் போடுவது சுலபம்.

காத்தான்குடி நானா:
அடிவாங்கிய அயலவர் வீட்டையும் நினையுங்கள். வருத்தக்காரர் என்றால் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியதுதானே? சிறையில் இருந்தால் நோய் மோசமாகும் கடும் மனநோயாளரை அங்கே வைக்கக்கூடாது என்று, கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதி 109 சொல்கிறது.

ஆரையம்பதி அக்கா:
நானா, அயலவருக்கு நியாயம் கிடைக்கட்டும், வழக்கு நடக்கட்டும். ஆனால் அங்கொடை இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர். முழங்கால் வருத்தத்தோடு அம்மா எப்படிப் போய்வருவா? அதோடு, சிறையிலேயே இருக்கும் மற்ற நோயாளருக்கும் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. நம் நாட்டு மறியல்களில் பெரும்பாலானோர் தீர்ப்பு வராதவர்கள். தம்பியும் அப்படித்தான்.

மனநலத் தாதி:
காவலர் அண்ணன் சொல்வது சரி, பென்ஸ்ஹெக்சோல் பறிபோகும். அதற்காக எல்லாக் குளிசையையும் நிறுத்தலாமா? பொருத்தமானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதை ஒருவரும் பறிக்க முடியாது. குளோசப்பீனுக்கு அப்படி ஊசி இல்லை. அதைக் குடிப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. அப்படியானவர்களைக் கிளினிக் நாளில் காவலோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிவர வேண்டும்.

ஓய்வுபெற்ற காவலர்:
காவலுக்கு ஆள் எங்கே? ஒரு கைதியோடு இரண்டு பேர் போனால் வார்டு காலி. சரி, வைத்தியசாலை உறையில் ஒட்டி, பெயரும் அளவும் எழுதி நேரே அனுப்பினால் நான் மறுக்க மாட்டேன். வீட்டுப் பையை மட்டும் ஒருநாளும் விடமாட்டேன்.

ஆரையம்பதி அக்கா:
அந்த உறை வெள்ளிக்கிழமை இரவே வர வேண்டும், அண்ணன். திங்கட்கிழமை வந்தால் பிந்திவிடும். கொப்பியில் மூன்று பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று அம்மாவின் தலையணைக்குக் கீழே, மற்றது எப்போதும் என் கைப்பையில்.