அச்சில் இருக்கும் ஒழுங்குவிதி, நடப்பில் இருக்கிறதா? – ஒரு சட்ட நூலக மேசைக் கேள்வி

வாசிப்புமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) சட்ட நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நூலகவியல் படித்தவள், சட்டம் படித்தவள் அல்லள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களே எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் என்பதால், நாங்கள் எடுத்துக் கொடுக்கும் பக்கத்தையே அவர்கள் நம்பிக்கொண்டு போகிறார்கள்.

அண்மையில் ஒரு கடை மேலாளர் வந்தார். வாரம் 50 மணி நேரத்துக்கு மேல் வேலை, வாரச் சம்பளம் 800 டாலர், ஓவர்டைம் கிடையாது. மேலாளர் பதவி என்பதால் ஓவர்டைம் பொருந்தாது என்று நிர்வாகம் கூறுகிறதாம். கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பில், அதாவது நாம் சிஎஃப்ஆர் என்று சொல்லும் தொகுதியில், 29ஆம் தலைப்பின் 541ஆம் பகுதியை எடுத்துக் காட்டினேன். 2024 ஜூலை 1 வரை திருத்தப்பட்ட ஆண்டுப் பதிப்பு அது. ஓவர்டைமிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால் வாரச் சம்பளம் 2024 ஜூலை 1 முதல் 844 டாலராகவும், 2025 ஜனவரி 1 முதல் 1,128 டாலராகவும் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக அச்சாகியிருந்தது. தம் சம்பளம் அதைவிடக் குறைவு என்பதால் அவர் மகிழ்ச்சியோடு நகல் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மூத்த நூலகர் ஒருவர், அந்த எண்கள் இரண்டும் செல்லாது, 684 டாலர்தான் வரம்பு என்றார்.

அரசே அச்சிட்ட அதிகாரப்பூர்வத் தொகுப்பு எப்படிச் செல்லாததாக இருக்க முடியும்? அது செல்லாது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

பழைய_அட்டவணை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சட்ட நூலகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து நீங்கள் அதை அறிந்திருக்கவே முடியாது. பிழை உங்களுடையது அன்று.

நடந்தது இதுதான். 2019இல் தொழிலாளர் துறை வகுத்த விதி, 2020 ஜனவரி 1 முதல் வரம்பை 684 டாலராக வைத்தது. 2024 ஏப்ரல் 26 அன்று ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியான புதிய விதி, நீங்கள் பார்த்த இரண்டு படிகளாக அதை உயர்த்தியது. முதல் படி ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததால், அதே தேதியிட்ட ஆண்டுப் பதிப்பில் முறைப்படி ஏறிவிட்டது. ஆனால் 2024 நவம்பர் 15 அன்று டெக்சஸ் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதி முழுவதையும் நாடு தழுவிய அளவில் ரத்து செய்தது. இரண்டாம் படி வருவதற்கு முன்பே அது கீழே விழுந்தது; பழைய 684 டாலர் வரம்பு மீண்டும் உயிர் பெற்றது. உங்கள் கையிலிருந்த பதிப்பு, தான் சொல்லும் தேதிக்கு முற்றிலும் சரியானதே. அதற்குப் பிறகு நடந்ததற்கு அது பொறுப்பேற்க முடியாது.

இதில் நூலகர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபெடரல் ரெஜிஸ்டர் என்பது நம் ஊர் அரசிதழைப் போன்றது. நிர்வாகத் துறைகளின் ஆணைகளும் விதிகளும் அறிவிப்புகளும்தான் அதில் வெளிவரும். நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அதில் இடமில்லை. சிஎஃப்ஆரோ, அந்த இதழில் துறைகள் வெளியிடுவதைப் பொருள்வாரியாக 50 தலைப்புகளில் அடுக்கிவைக்கும் தொகுப்பு. ஆகவே ஒரு நீதிபதி விதியை ரத்து செய்தாலும், சம்பந்தப்பட்ட துறை அதை நீக்கும் ஆவணம் ஒன்றை ரெஜிஸ்டரில் வெளியிடும்வரை தொகுப்பின் வாசகம் தானாக மாறுவதில்லை. தீர்ப்பு ஒரு வழியில் போகிறது, அச்சு இன்னொரு வழியில் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வாசகரின் தலையிலும் நம் தலையிலும்தான் விழுகிறது.

இதே விதிக்கு இது முதன்முறையும் அன்று. 2016 மே மாதம் வெளியான விதி வரம்பை 455 டாலரிலிருந்து 913 டாலராக உயர்த்தி, டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதே டெக்சஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் நவம்பர் 22 அன்று இடைக்காலத் தடை விதித்தது. ஒன்பதே நாள் இடைவெளியில், ஏற்கனவே சம்பளத்தை உயர்த்திவிட்ட நிறுவனங்களும் உண்டு, உயர்த்தக் காத்திருந்து கைவிட்டவையும் உண்டு.

ஓரக்குறிப்பு எழுதியது:

மேலே பெரியவர் சொன்னதோடு சற்று வரலாறும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் "அரசே அச்சிட்டது எப்படிச் செல்லாமல் போகும்" என்ற கேள்வியின் மறுபக்கம் இன்னும் கொடுமையானது.

1930களின் தொடக்கத்தில் இத்தகைய இதழே அங்கு கிடையாது. பெட்ரோலிய உற்பத்தி தொடர்பான விதி ஒன்றில், திருத்த ஆணையின்போது ஒரு பத்தி தவறுதலாக நீங்கிவிட்டது. அது நீங்கியது தெரியாமலேயே அந்த விதியை வைத்து வழக்குகள் நடந்தன. உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிறகே குட்டு வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்றில் 1935 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஃபெடரல் ரெஜிஸ்டர் சட்டம் நிறைவேறியது. 1936 மார்ச் 14 அன்று முதல் இதழ் வெளிவந்தது.

இதழ் வந்ததும் வேறொரு சிக்கல் பிறந்தது. அதில் வெளியானதை எல்லோரும் அறிந்ததாகவே சட்டம் கொள்ளும். ஐடஹோவைச் சேர்ந்த மெரில் என்னும் விவசாயிகள், குளிர்காலக் கோதுமை விதைத்திருந்த நிலத்தில் மறுபடி விதைத்த வசந்தகாலக் கோதுமைக்கு அரசுப் பயிர்க் காப்பீடு கேட்டனர். காப்பீடு உண்டு என்று உள்ளூர் அலுவலர்கள் உறுதி சொன்னார்கள். வறட்சியில் பயிர் கருகிய பிறகு, மறுவிதைப்புக்குக் காப்பீடு இல்லை என்று ரெஜிஸ்டரில் வெளியான விதியைக் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டது. 1947இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி ஜாக்சன், இந்தச் சலிப்பூட்டும் இதழை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கும் விவசாயிக்குப் பயிர்க் காப்பீடே தேவைப்படாது, ஏனெனில் அவருக்கு விதைக்க நேரமே இருக்காது என்ற பொருள்பட எழுதினார். என்னைக் கேட்டால் நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஆனால் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

வாசிப்புமேசை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இனி நான் இ-சிஎஃப்ஆர் இணையத் தொகுப்பை மட்டும் பார்த்தால் போதுமா? அது நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறதே. இன்னொன்று, அந்த மேலாளர் 2024 செப்டம்பரில் செய்த வேலைக்கு எந்த எண் பொருந்தும்? அது விதி ரத்தாவதற்கு முன்பு அல்லவா?

பழைய_அட்டவணை எழுதியது:

போதாது. இ-சிஎஃப்ஆர் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது உண்மை, நம்பகமானதும் கூட. ஆயினும் அது அதிகாரப்பூர்வப் பதிப்பு அன்று. அதைவிட முக்கியம், அதுவும் ரெஜிஸ்டரில் வெளியாவதைக் கொண்டே புதுப்பிக்கப்படுவதால், நீதிமன்றத் தீர்ப்பு என்னும் ஓட்டை அங்கேயும் அப்படியே இருக்கிறது.

நான் பின்பற்றிய வழி பழையது, ஆனால் பழுதில்லாதது. ஆண்டுப் பதிப்பின் தேதியை முதலில் பார்ப்பேன். 1 முதல் 16 வரையான தலைப்புகள் ஜனவரி 1 தேதிக்கும், 17 முதல் 27 வரை ஏப்ரல் 1, 28 முதல் 41 வரை ஜூலை 1, 42 முதல் 50 வரை அக்டோபர் 1 என்ற தேதிகளுக்கும் திருத்தப்படுகின்றன. அந்தத் தேதிக்குப் பின் பிரிவு மாறியதா என்பதை, பாதிக்கப்பட்ட பிரிவுகளின் மாதப் பட்டியலில் தேடுவேன். பிறகு ரெஜிஸ்டர் இதழின் கையொப்பமிட்ட பிடிஎஃப் பக்கத்தை, அரசு வெளியீட்டு அலுவலகத்தின் கவ்இன்ஃபோ தளத்திலிருந்து எடுப்பேன். இவ்வளவும் துறை என்ன சொன்னது என்பதற்கு மட்டுமே. நீதிமன்றம் என்ன சொன்னது என்பதற்குத்தான் சிட்டேட்டர் இருக்கிறது, அதாவது ஒரு விதியையோ தீர்ப்பையோ பிற்காலத் தீர்ப்புகள் எப்படி நடத்தின என்று காட்டும் கருவி. வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற சட்டத் தரவுத்தளங்கள் இரண்டிலும் ஒழுங்குவிதிப் பிரிவுக்கே அதை ஓட்டலாம், பல கவுண்டி நூலகங்களில் வாசகர்களுக்கு இலவசமாகவே கிடைக்கும். (1873இல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்டு இதைப் பசை தடவிய துண்டுச் சீட்டுகளாக விற்றார், தீர்ப்புத் தொகுதியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சீட்டு உங்கள் பக்கத்தில் ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.)

செப்டம்பர் மாத வேலை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். ஒரு விதி ரத்தாகும்போது அது ரத்தான நாளிலிருந்து மட்டும் விழுகிறதா, தொடக்கத்திலிருந்தே இல்லாததாகிறதா என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய விஷயம். தீர்ப்பையும், மூன்று விதிகளின் பக்கங்களையும், சட்ட உதவி மையத்தின் முகவரியையும் அவர் கையில் கொடுங்கள். அத்தோடு நம் மேசை நின்றுவிட வேண்டும்.

மேற்குக்கரை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் கூட்டாட்சி வரம்பைப் பற்றியே பேசுகிறீர்களே, அவர் எந்த மாநிலத்தில் வேலை செய்கிறார்? இந்த ஓவர்டைம் விதிகளுக்கு அடிப்படையான 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம், மாநிலங்கள் தொழிலாளிக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிப்பதைத் தடுப்பதில்லை. கலிபோர்னியாவில் விலக்குக்கான சம்பளம் மாநிலக் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்கு. 2024இல் ஆண்டுக்கு 66,560 டாலர், 2025இல் 68,640 டாலர். வாரம் 800 டாலர் என்றால் ஆண்டுக்கு 41,600 டாலர்தான் ஆகிறது. அவர் அங்கு இருந்தால், டெக்சஸ் நீதிமன்றம் என்ன சொன்னால் என்ன?

தவிர, சம்பளம் வரம்பைத் தாண்டினால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. அவருடைய முதன்மையான பணி உண்மையிலேயே மேலாண்மைதானா, வழக்கமாக இரண்டு பேரையாவது மேற்பார்வையிடுகிறாரா என்பதும் 541ஆம் பகுதியில் உண்டு. நாள் முழுதும் கல்லாவில் நின்று பில் போடுகிறவருக்கு மேலாளர் என்று பெயர்ப்பட்டை குத்திவிட்டால் போதாது. அந்தப் பிரிவுகளை 2024ஆம் ஆண்டின் விதி தொடவில்லை.

வாசிப்புமேசை எழுதியது:

எங்கள் நூலகம் கலிபோர்னியாவில்தான் இருக்கிறது. மாநில விதியைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நகல் வாங்கும்போது அவர் கொடுத்த தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவரை அழைக்கிறேன்.