மறு: 'வேக ஏற்றத்தாழ்வு' – ஒரு சொல் போதாது

வணக்கம் ஐயா,

ரெக்கார்ட் பிளேயர் சரியான வேகத்தில் ஓடாத கோளாறுக்கு நீங்கள் சொன்ன 'வேக ஏற்றத்தாழ்வு' நல்ல தமிழ்தான். ஆனால் மூன்று தனித்தனிக் கோளாறுகளை அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் ரெக்கார்ட் பிளேயரோடு நான் பட்ட பாடு இது.

முதலில், வேகம் சரிதானா என்று பார்க்க, 180 கோடு போட்ட சோதனைத் தட்டைப் பிளேயரில் சுற்றவிட்டேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குண்டு பல்பு நொடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6000 முறை மினுக்கும். அதை ரெக்கார்ட் நிமிடத்துக்குச் சுற்றும் 33⅓ சுற்றால் வகுத்தால் 180. வேகம் சரியாக இருந்தால் அந்த மினுக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். சுற்றும் திசையில் நகர்ந்தால் வேகம் கூடுதல், எதிரே நகர்ந்தால் குறைவு. (60 ஹெர்ட்ஸ் ஊர்த் தட்டு நமக்கு ஆகாது, அதில் 216 கோடு.) எங்கள் எல்.இ.டி. விளக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. பரணிலிருந்து குண்டு பல்பை இறக்கினேன்.

கோடுகள் அசையாமல் நின்றன. ஆனால் நாகஸ்வர ரெக்கார்டைப் போட்டால் பின்னால் ஒரே சுருதியில் ஊதும் ஒத்தே ஏறி இறங்குகிறது! கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. 1.8 நொடிக்கு ஒருமுறை, அதாவது சுற்றுக்கு ஒருமுறை. தட்டைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும், அதற்குப் பதில் சைக்கிள் டியூப் ரப்பர் ஆகுமா என்று கேட்கத் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனைக் கூப்பிட்டேன். ஊசி தாங்கிய கை இடவலமாக ஆடுவதைப் பார்த்தவுடனே சொன்னார்: "பெல்ட்டு இல்ல சார், ரெக்காடே கோட்டமா கீது. ஓட்டை நடுவுல இல்ல, பாரு."

சொல் கிடைத்துவிட்டது. என் முன்மொழிவு: எப்போதும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ ஓடினால் 'வேகப் பிசகு' (3150 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி நிலையாக 3180 காட்டினால் ஏறக்குறைய 1 சதவீதப் பிசகு). மெதுவாக ஏறியிறங்கினால் 'சுருதிக் கோட்டம்'. நொடிக்குப் பலமுறை அதிர்ந்தால் 'சுருதி நடுக்கம்'. கடைசிச் சொல்லில் எனக்கே திருப்தியில்லை, குளிர்ஜுரம் மாதிரி இருக்கிறது. வேறு இருந்தால் சொல்லுங்கள்.

கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம்தானே நினைவுக்கு வரும் என்பீர்கள்.

வரட்டும் ஐயா. அந்த வள்ளுவரே 119ஆம் குறளில் 'சொற்கோட்டம்', 'உட்கோட்டம்' என்று வளைவைத்தானே சொல்கிறார்! இன்னொரு வசதி, இந்தச் சொல்லுக்கு வினையும் கூடவே வருகிறது: சைக்கிள் கடையில் சக்கர வளைவை நிமிர்த்துவது 'கோட்டம் எடுப்பது'. வட்ட அரத்தால் ஓட்டையைக் கொஞ்சம் அகட்டி, கை ஆடாத இடம்வரை ரெக்கார்டைத் தள்ளித்தள்ளி வைத்து, நேற்று ராத்திரி கோட்டம் எடுத்தாயிற்று.