270 நாள், 72 மணி நேரம், ஒரு ஐரோப்பாப் பயணம்

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று வகைக் கொரோனா தடுப்பூசி. எனக்கும் அவருக்கும் கோவிஷீல்டு. மாமியாருக்குக் கோவாக்சின். மகளுக்கு அப்போது 13 வயது, பள்ளியிலேயே கோர்பெவாக்ஸ் போட்டுவிட்டார்கள். ஊசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் இதிலெல்லாம் பேதம் பார்க்கத் தோன்றுமா? அன்றைக்கு எது வந்ததோ அதைப் போட்டுக்கொண்டோம். 2022 மே மாதம் இத்தாலி போகலாம் என்று உட்கார்ந்தபோதுதான், ஒரே வீட்டுக்காரர்களுக்கு மூன்று விதமான சட்டம் என்று தெரிந்தது.

அந்த மாதம் இத்தாலி கேட்டது மூன்றில் ஒன்று: அவர்கள் ஏற்றுக்கொண்ட தடுப்பூசியின் சான்றிதழ், அல்லது கொரோனா வந்து குணமான சான்றிதழ், அல்லது தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவு. ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை என்றால் அங்கே இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள், ஆன்டிஜென் பரிசோதனை என்றால் 48 மணி நேரத்துக்குள். கோவிஷீல்டு அஸ்ட்ராஜெனெகாவின் அதே மருந்து என்பதால் பிரச்சினை இல்லை. கோவாக்சினை உலக சுகாதார அமைப்பு 2021 நவம்பர் 3 அன்றே பட்டியலில் சேர்த்துவிட்டது, ஆனால் இத்தாலியின் பட்டியலில் அது இல்லை. கோர்பெவாக்ஸுக்கு அப்போது இரண்டு இடத்திலும் பெயர் இல்லை. சரி, மாமியாருக்கும் மகளுக்கும் பரிசோதனை, எங்கள் இருவருக்கும் சான்றிதழ் போதும் என்று நினைத்தோம்.

போதவில்லை. இரண்டாவது டோஸ் போட்டு 270 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் சான்றிதழ் செல்லாது, பூஸ்டர் என்கிற கூடுதல் ஊசி போட்டிருக்க வேண்டும். நாங்கள் 45 தாண்டியவர்கள் என்பதால் 2021 ஏப்ரலிலேயே முதல் ஊசி கிடைத்தது. (வயசானதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.) இரண்டாவது ஊசி ஜூலை 14. தினசரி காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணினேன். 270ஆவது நாள் 2022 ஏப்ரல் 10. நம் ஊரில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பூஸ்டர் திறந்துவிட்ட தேதியும் அதே ஏப்ரல் 10! அடடா என்று துள்ளினேன். அப்புறம் அவர்தான் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார்: இரண்டாவது டோஸுக்கும் பூஸ்டருக்கும் இடையே 39 வாரம் ஆகியிருக்க வேண்டும். 39 வாரம் என்றால் 273 நாள். அங்கே பழைய சான்றிதழ் பத்தாம் தேதியோடு காலாவதி, இங்கே புது ஊசி பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகு. நடுவில் மூன்று நாள் நாங்கள் ஊசியே போடாதவர்கள் கணக்கு.

எங்களுக்கு மே மாதம்தான் பயணம் என்பதால் தப்பித்தோம். ஏப்ரல் இரண்டாம் வாரம் டிக்கெட் எடுத்திருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பூஸ்டர் தனியார் மருத்துவமனையில்தான். ஊசிக்கு 225 ரூபாய், போடுகிற கூலியாக 150 வரை வாங்கலாம் என்று அரசு சொல்லியிருந்தது. நாங்கள் போனபோது அங்கே எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. போன வருஷம் இதே ஊசிக்கு விடியற்காலை டோக்கன் வாங்கிய ஊர்!

அடுத்தது பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. ஆதாரில் அவருக்கு இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. அரசின் கோவின் தளம் தந்த தடுப்பூசிச் சான்றிதழ் ஆதாரைப் பார்த்து வந்தது. அப்போது அதில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம், பெயரையும் திருத்தலாம், ஆனால் திருத்த ஒரே வாய்ப்புதான். எழுத்துப் பிழை வந்தால் அவ்வளவுதான். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தட்டினார். கல்யாணப் பதிவுக்குக்கூட இவ்வளவு கவனமாக உட்காரவில்லை.

இனி, மாமியாருக்கும் மகளுக்கும் பரிசோதனை எடுத்த அந்தப் புதன்கிழமை. ரோமில் இறங்குவது சனிக்கிழமை, மே 21, மதியம் ஒன்றரை. நம் கடிகாரத்தில் மாலை ஐந்து. அங்கிருந்து 72 மணி நேரம் பின்னால் எண்ணினால் புதன் மாலை ஐந்து. அதற்கு முன்னால் சளி மாதிரி எடுத்தால் செல்லாது. வியாழன் எடுக்கலாமே என்றால், ரிசல்ட் வர ஒரு நாள் ஆகும், வியாழன் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை கிளம்ப வேண்டும். லேப் பையன் நல்ல பையன், மூன்று நாற்பதுக்கே வந்து நின்றான். "தம்பி, அஞ்சு மணிக்கு மேலதான் எடுக்கணும்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தான். எல்லா வீட்டிலும் சீக்கிரம் சீக்கிரம் என்பார்கள், காத்திருக்கச் சொன்ன முதல் வீடு இதுதான் என்றான். மாமியார் வாழைக்காய் பஜ்ஜி போட்டார். அவன் காபி குடித்து, பஜ்ஜி தின்று, கிரிக்கெட் பேசி, ஐந்தே காலுக்குக் கையுறை மாட்டினான். மாமியாருக்கு அதற்குள் ஒரு சந்தேகம்: "இப்பதான் பஜ்ஜி தின்னேன், தொண்டையில எண்ணெய் இருக்குமே, பரவாயில்லையா?" வாயைக் கொப்பளிக்க வைத்து, மூக்கில் எடுத்தான். ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த நேரம் 5.18 என்று போட்டிருந்தது. அந்த 18 நிமிடம்தான் எங்கள் கைச்சேமிப்பு.

சென்னை விமான நிலைய கவுன்டரில் எல்லாத் தாளையும் கேட்டார்கள். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பயணக் காப்பீட்டுத் தாளைக்கூட விசா கொடுத்தாகிவிட்ட பிறகும் புரட்டிப் பார்த்தார்கள். ரோமில்? எந்த ஹோட்டல், எத்தனை நாள், முத்திரை. அவ்வளவுதான். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் வந்தது.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

கோவைச் சகோதரி, பஜ்ஜி போட்டு நேரத்தைக் கடத்தியது பிரமாதம். நாங்கள் போனது 2021 செப்டம்பர் கடைசியில். அந்த மாதம் 8ஆம் தேதிதான் சிங்கப்பூர் ஜெர்மனிக்கும் புருணைக்கும் தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிப் பாதையைத் திறந்தது. தனிமைப்படுத்தல் இல்லாமல் திரும்பி வரலாம் என்றதும் ஆள் ஆளுக்கு டிக்கெட் எடுத்தோம். ஒன்றரை வருஷம் இந்தத் தீவை விட்டு நகராதவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டே சொர்க்கம்தான்.

நிபந்தனைகள்தான் பூதம். குறித்த விமானத்தில்தான் திரும்ப வேண்டும். மூக்கில் நான்கு முறை குச்சி: புறப்படும் முன் 48 மணி நேரத்துக்குள் ஒன்று, சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள். அதைவிட முக்கியமானது, முந்தைய 21 நாளும் ஜெர்மனி, புருணை, சிங்கப்பூர் தவிர வேறு எங்கும் கால் வைத்திருக்கக் கூடாது.

நண்பர் ஒருவர் கேல் என்ற சின்ன ஊரில் இருக்கிறார். ரைன் ஆற்றங்கரை. அக்கரையில் பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க். நடந்தே போக ஒரு பாலம் இருக்கிறது. பாலத்தின் நடுவில் அகலமாக ஒரு மேடை மாதிரி, ஜனங்கள் நின்று ஆற்றைப் பார்க்கிற இடம். குழந்தைகளும் சைக்கிள்காரர்களும் எல்லை என்ற நினைப்பே இல்லாமல் போய்வருகிறார்கள். நான் அந்த மேடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டேன். மனைவி, "யாரு பார்க்கப் போறா? போய் ஒரு காபி குடிச்சிட்டு வருவோம்" என்றாள். மாட்டேன் என்றேன். நேர்மை என்று நினைக்காதீர்கள். பொய் உறுதிமொழி கொடுத்து மாட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் படித்துப் படித்து வளர்ந்தவன். மனைவி மட்டும் நாலு அடி முன்னால் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அது ஜெர்மனியா பிரான்ஸா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் விவாதம் முடியவில்லை.

அக்டோபர் 19இலிருந்து பிரான்ஸ், இத்தாலி எல்லாம் பட்டியலில் சேர்ந்துவிட்டன. மூன்று வாரம் பொறுத்திருந்தால் அந்தக் காபியைக் குடித்திருக்கலாம்.

லண்டனிலிருந்து:

அக்கா, நீங்கள் நாட்களை எண்ணினீர்கள். நாங்கள் மணித்தியாலங்களை எண்ணினோம், ஆனால் தோற்றுப்போனோம். 2021 நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) பரிஸ் நகரில் இருக்கிற தம்பி வீட்டை போவதற்கு 22ஆம் திகதி ரெயினுக்கு ரிக்கெற் எடுத்து வைத்திருந்தோம். கோவிட் தொடங்கினதுக்குப் பிறகு அவனை நேரில் காணவில்லை. 16ஆம் திகதி, வியாழக்கிழமை, பிரான்ஸ் அறிவித்துவிட்டது: சனி தொடங்கி பிரித்தானியாவிலிருந்து சுற்றுலாவுக்கு ஒருத்தரும் வர ஏலாது. காரணம் ஒமிக்ரோன் என்ற புது வகைக் கொரோனா. தம்பி போன் எடுத்து, "அண்ணை, நாளைக்கே வெளிக்கிடுங்கோ" என்றான். வெள்ளிக்கிழமை ரெயினில் இடம் எங்கே கிடைக்கிறது? மனைவிக்கு அன்று வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். விட்டுவிட்டோம். அவனுக்கென்று வாங்கின கேக்கை நாங்களே சாப்பிட்டோம்.

தடையை ஜனவரி 14 எடுத்தார்கள். பெப்ரவரி பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனோம். அப்போது பிரான்சில் பெரியவர்களுக்குத் தடுப்பூசிப் பாஸ் இல்லாமல் உணவகம், மியூசியம் ஒன்றுக்குள்ளும் போக முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று ஊசி, அது சரி. மகளுக்கு 13 வயது, ஒரு ஊசிதான் போட்டிருந்தது. அந்த வயதுக்காரர் பரிசோதனை முடிவைக் காட்டலாம், ஆனால் அது 24 மணித்தியாலத்துக்கு மட்டும். ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் மருந்துக்கடை. கடைக்கு வெளியில் நடைபாதையில் வெள்ளைக் கூடாரம் போட்டு, அதற்குள் ஒரு கதிரை. மூன்றாவது நாள் அந்தப் பெண் என் மகளைக் கண்டவுடன் "பொன்ஜூர்" சொல்லி, கேட்காமலே குச்சியின் உறையை உடைத்தா. மகளும் தானே முகக்கவசத்தை இறக்கி மூக்கை நிமிர்த்திக் காட்டுவா.

பரிஸ் நகரில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் தோசை சாப்பிடப் போனால் அங்கும் கியூஆர் கேட்டார்கள். தமிழ் ஆள்தான், தம்பிக்குத் தெரிந்தவர்தான். "குறை நினையாதேங்கோ, காட்டத்தான் வேணும்" என்றார். அதில் பிழை சொல்ல ஏலாது.

மியூனிக்கிலிருந்து:

சுருக்கமாக. என் தம்பியும் அவன் மனைவியும் திருச்சியிலிருந்து இங்கே வருவதாக இருந்தது, கல்யாணம் ஆன புதுசு. இருவருக்கும் கோவாக்சின். அப்போது ஜெர்மனி அதை ஏற்கவில்லை. ஏற்காத ஊசி என்றால் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு அனுமதியே இல்லை, பரிசோதனை செய்து வரலாம் என்ற வழியும் கிடையாது. 2022 மே மாத டிக்கெட்டைப் பணம் கட்டி ஜூன் நடுவுக்குத் தள்ளினோம். மே கடைசியில் செய்தி வந்தது: ஜூன் 1 முதல் கோவாக்சின் செல்லும். ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ காலில் ஒரே ஆட்டம். அவன் சான்றிதழை வண்ணத்தில் மூன்று பிரதி எடுத்து லேமினேட் செய்தான். ஜூன் 11 அன்று, ஊசிச் சான்றிதழே வேண்டாம் என்று ஜெர்மனி விதியை எடுத்துவிட்டது. செல்லுபடியான பத்து நாளில் அவன் விமானம் ஏறவே இல்லை.

மீண்டும் கோயம்புத்தூரிலிருந்து:

மியூனிக் தம்பி, லேமினேட் செய்ததைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆகும்.

லண்டன் அண்ணா, உங்கள் மகளை நினைத்து என் மகள் சிரித்தாள். அவளுக்கு ஒரே ஒரு குச்சி, நாங்கள் போனபோது இத்தாலியில் சாப்பாட்டுக் கடையில் பாஸ் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். ரயிலிலும் வெனிஸ் படகிலும் மட்டும் எஃப்.எஃப்.பி.2 என்ற வடிகட்டும் வகை முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. நாங்கள் கோவையிலிருந்து கொண்டுபோன துணி முகக்கவசத்தைப் பார்த்துப் படகுக்காரர் தலையை ஆட்டினார். இறங்கி, மருந்துக்கடை தேடி, வாங்கிக்கொண்டு அடுத்த படகைப் பிடித்தோம். மாமியார் அந்தப் புது முகக்கவசத்துக்குள்ளேயே, "காவேரியில பரிசல் ஓட்டுறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்" என்று முணுமுணுத்தது எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

திரும்புகிற கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து இந்தியா வருகிறவர்களுக்கான ஏர் சுவிதா இணையப் படிவத்தை நாலு பேருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டியிருந்தது. ரோம் ஹோட்டல் வைஃபையில் மாமியாரின் சான்றிதழ் மட்டும் ஏறவே மாட்டேன் என்றது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரவேற்பறையில் இருந்த பெண் தன் மொபைலில் நெட் பகிர்ந்து கொடுத்தாள். நன்றிக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. பெட்டியில் பிரிக்காமல் ஒரு பாக்கெட் முறுக்கு இருந்தது, கொடுத்தோம். இங்கே கோவாக்சின் செல்லும் என்பதால் சென்னையில் மாமியார்தான் முதலில் வெளியே வந்தார்.